கரடி எத்தனை மணிக்கு வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் அக்கம்பக்கமாக வந்திருந்தன. இடப்பக்கம் ஒரு செய்தி: ‘கோத்தகிரியில் மர்ம விலங்கு நடமாட்டம், பொதுமக்கள் பீதி’. வலப்பக்கம் ஒரு வாசகர் கடிதம். பள்ளிப் பிள்ளைகள் இணையத்தில் பேய்க் காணொளிகளுக்கெல்லாம் கட்டுரை எழுதிக் கெட்டுப்போகிறார்கள், அந்தத் தளங்களை உடனே முடக்க வேண்டும் என்று ஒருவர் கொதித்திருந்தார். அவர் சொல்லும் பிள்ளைகளில் ஒருவன் என் வீட்டில்தான் வளர்கிறான். தாங்கள் சொல்லும் மர்ம விலங்கு என் வீட்டு வாசல் வழியாகத்தான் போனது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்து ஒரே உறையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் மர்மத்தைத் தீர்த்துவிடலாம். அது கரடி. தாய் ஒன்று, குட்டிகள் இரண்டு. இந்த ஊரில் நான்கு வயதுக் குழந்தைக்கும் கரடியைத் தெரியும். தெரு நாய்களுக்குத் தெரியும். தங்கள் நிருபர் ஒருவருக்குத்தான் அது மர்மமாகப் பட்டிருக்கிறது.

நான் மேட்டுப்பாளையத்தில் பிறந்து, 1976-இல் அஞ்சல் எழுத்தர் வேலை கிடைத்து மலையேறியவள். மறு ஆண்டு, புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிக்னலராகத் திரும்பி வந்தேன். பித்தளைச் சாவியைத் தட்டித் தந்தி அனுப்புவதும், எதிர்முனையிலிருந்து வருவதைக் காதால் வாங்கிக் கையால் எழுதுவதும் என் வேலை. அந்தச் சாவி வெகு காலத்துக்கு முன்பே அலமாரிக்குள் போய்விட்டது. 2013 ஜூலையில் நாடு முழுவதும் தந்திச் சேவையையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். இப்போது 71 வயது. மகளும் மருமகனும் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். 11-ஆம் வகுப்புப் படிக்கும் பேரன் என்னோடு இருக்கிறான். கோவைப் பக்கத்து வழக்கப்படி என்னை அம்மிச்சி என்று கூப்பிடுவான்.

விவகாரம் ஆரம்பித்தது போன மார்கழியில். காலை ஆறு மணி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்து விழுந்தது. ‘இந்தப் பனிமூட்டத்தில் எத்தனை மான்கள் இருக்கின்றன? கூர்ந்து பாருங்கள்’ என்று மேலே எழுதியிருந்தது. தேயிலைத் தோட்டத்தின் நடுவே ஒரு சாலை, வெள்ளை வெள்ளையாக மேகம். நம் அரவேணுப் பக்கம் போல இருக்கிறதே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை மூக்கருகில் வைத்து எண்ணினேன். இரண்டு மான் கிடைத்தது. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்க ஒரு முகம், கூடவே காதைக் கிழிக்கும் ஓர் அலறல். இடக்கையில் இருந்த காப்பி வலது மணிக்கட்டில் கொட்டியது. அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. அனுப்பியவர் என் நாத்தனார். நாற்பது ஆண்டுப் பகையை இப்படித் தீர்த்துக்கொண்டாரா என்று நினைத்தேன். பாவம், அவர் கடைசிவரை பார்க்காமலேயே பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பேரன் கேட்ட முதல் கேள்வி, ‘எத்தனையாவது நொடியில் வந்தது, அம்மிச்சி?’ என்பது. கை வெந்துவிட்டதா என்பது இரண்டாவது கேள்வி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகுதான் விசாரித்தேன். இப்படித் திடீரென்று முகமும் அலறலுமாகப் பாய்ந்து ஆளைக் குதிக்கவைக்கும் காணொளிகள், விளையாட்டுகள், விளம்பரங்கள் பற்றி மட்டும் எழுதுவதற்கென்றே ஒரு விக்கி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் அவன் ஓராண்டாக எழுதி வருகிறான். தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுவானாம். வாசகர் கடிதக்காரர் சொல்லும் ‘பேய்க் காணொளிப் பட்டியல்’ இதுதான்.

மான் காணொளிக்கும் ஒரு கட்டுரை எழுதலாம், அடுத்தவர் கை வேகாமல் இருக்குமே என்றான். முதல் படியை எனக்கு வாசித்துக் காட்டினான். ‘மிகக் கொடூரமான, குலைநடுங்க வைக்கும் இந்தப் பேய்க் காணொளி உங்கள் தூக்கத்தைப் பறித்துவிடும்’ என்று தொடங்கியது. மணிக்கட்டு எரிந்துகொண்டிருந்ததால் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு சொல் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தான். மறுநாள் காலையில் பார்த்தால், எந்த நாட்டுக்காரரோ கட்டுரையோடு ஒட்டிய உரையாடல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிவைத்திருந்தார். கொடூரம் என்று யார் சொன்னது? எத்தனையாவது நொடி? வெளிச்சம் விட்டுவிட்டு மின்னுகிறதா?

ஐயா, இந்த மூன்று கேள்விகளையும் படித்தபோது எனக்கு என் பழைய போஸ்ட்மாஸ்டர் ஞாபகம் வந்தார். ‘செய்தியைப் படிக்காதே, எழுத்தை வாங்கு’ என்பார். சாவுச் செய்தி வரும்போது விரல் நடுங்கினால் எழுத்து தப்பும், எழுத்து தப்பினால் யார் செத்தது என்பதே மாறிவிடும். அழுகையைப் பூட்டிவைத்துவிட்டு வேலை பார்க்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் அவனும் உட்கார்ந்தோம். ஒலியை அடியோடு அணைத்தோம். திரையை ஒரு போஸ்ட் கார்டால் மறைத்து, கீழே ஓடும் நொடிக்கணக்கு மட்டும் தெரியும்படி வைத்தோம். கார்டை நான் பிடித்துக்கொள்ள, அவன் ஓரத்தால் எட்டிப் பார்த்துக் குறித்தான். நான்கு முறை ஓட்டிய பிறகு எனக்கே பயம் விட்டுப்போய், கார்டை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தேன். அசட்டுத்தனமான ஒரு முகமூடி, அவ்வளவுதான். மின்னுகிறதா என்ற கேள்விக்கு மட்டும் தனியாக ஒரு தடவை பார்த்தோம். அது வெறும் நுணுக்கம் பிடித்த கேள்வி அல்ல என்று பேரன் சொன்னான். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் படபடவென்று மின்னியதைப் பார்த்து, ஏறத்தாழ 685 குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்ததாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்று இணையப் பக்கங்களுக்கு இப்போது விதியே இருக்கிறது. பயத்தைத் தாங்கிக்கொள்ளும் ஆளுக்கும் வலிப்பு வரலாம். அதனால் மின்னல் இருந்தால் கட்டுரையின் நெற்றியிலேயே எச்சரிக்கை போட வேண்டும். மான் காணொளியில் மின்னல் இல்லை.

கடைசியில் நின்ற வாசகம் இது: ‘பனிமூட்டத்தில் மான்கள் என்பது வாட்ஸ்அப்பில் பரவும் 24 நொடிக் காணொளி. தேயிலைத் தோட்டச் சாலையில் மான்களை எண்ணும் புதிராகத் தொடங்குகிறது. 17-ஆவது நொடியில் வெளுத்த முகம் ஒன்று திரை முழுவதும் தோன்றுகிறது. உடன் பெண் குரலில் அலறல். முகம் 21-ஆவது நொடிவரை நிற்கிறது. ஒளி மின்னல் இல்லை. காட்சியில் உள்ள மான்கள் மொத்தம் இரண்டு.’

கடைசி வரி நான் சொல்லிச் சேர்த்தது. மூன்றாவது மானைத் தேடித்தானே கை வெந்தது.

‘பேய்’ என்ற சொல்லை எடுப்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்தது. பேய்தானே என்றேன் நான். ‘பேய் என்று எப்படித் தெரியும் அம்மிச்சி, அது தன் பெயரைச் சொன்னதா? நாம் பார்த்தது முகம். முகம் என்று மட்டும் எழுதினால் போதும்’ என்றான். நியாயம்தான். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. தங்கள் நிருபரின் மர்ம விலங்கை இந்த இடத்தில் நினைவுபடுத்திவிட்டு மேலே போகிறேன்.

இந்த வேலை கதை சொல்கிறவர்களுக்கு நேர் விரோதமானது என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. கதை சொல்கிறவர் முடிச்சைக் கடைசிவரை ஒளித்துவைப்பார். விக்கியில் எழுதுகிறவர் முதல் வரியிலேயே முடிச்சைப் போட்டு உடைக்க வேண்டும். படத்திலும் அதே நீதி. அந்த முகத்தின் படத்தைக் கட்டுரையின் தலையில் போட்டால், எச்சரிக்கை தேடி வருகிறவரை நாமே பயமுறுத்தி அனுப்பியதாக ஆகும். பேரன் கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவற்பெட்டியில் வெறும் சாலையின் படத்தைப் போட்டான். முகத்தைப் பார்த்தே தீருவேன் என்கிறவர் தானாக அழுத்தித் திறந்தால்தான் தெரியும்படி கீழே வைத்தான்.

எழுதுகிற முறையையும் காட்டினான். தலைப்பைத் தடித்த எழுத்தாக்க இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள்குறி. சாய்வெழுத்துக்கு இரண்டிரண்டு. வேறு கட்டுரைக்கு இணைக்க இரட்டைச் சதுர அடைப்பு. எச்சரிக்கைப் பலகைபோல ஒரே மாதிரி எல்லாப் பக்கத்திலும் வரவேண்டியதை ஒரு முறை செய்துவைத்துக்கொண்டு, இரட்டை நெளிவு அடைப்புக்குள் அதன் பெயரை மட்டும் போட்டால் போதும். அதற்கு வார்ப்புரு என்று பெயர். வார்ப்புரு, கட்டுரைகளை இனம்பிரிக்கப் பகுப்பு, குறுங்கட்டுரை, பழகிப் பார்க்க மணல்தொட்டி என்று நல்ல நல்ல சொற்கள் வைத்திருக்கிறார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இவை புழங்குகின்றன. எங்கள் தந்தியில் கூட வார்ப்புரு உண்டு. கல்யாண வாழ்த்து, பண்டிகை வாழ்த்துக்கெல்லாம் எண் உண்டு. வாசகத்தை அனுப்ப வேண்டியதில்லை, எண்ணைத் தட்டினால் எதிர்முனையில் வாழ்த்தை முழுதாக எழுதிக்கொள்வார்கள்.

துணைத்தலைப்புக்கு இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறி போட வேண்டும் என்றதும் நான் மேசைமேல் தட்டிக் காட்டினேன். கோடு, மூன்று புள்ளி, கோடு. மோர்ஸில் சமக்குறி அதுதான். முகவரி முடிந்துவிட்டது, இனிச் செய்தி என்று பிரித்துக் காட்டுவதற்கு அதைத்தான் தட்டுவோம். அவன் வாயைப் பிளந்துவிட்டான். 35 ஆண்டுகளுக்குப் பிறகு என் விரலுக்குக் கிடைத்த மரியாதை.

அவன் மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளையும் படிக்கக் கொடுத்தான். இந்த வகையில் பேர்போன ஒரு விளையாட்டு இருக்கிறது. 2003-இல் ஜெரமி வின்டர்ராட் என்பவர் செய்தது. சுவரில் படாமல் ஒரு புள்ளியைச் சந்துக்குள் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். முதலில் அகலமான சந்து. மூன்றாவது கட்டத்தில் நூல் போல ஒடுங்கிவிடும். மவுசை மயிரிழை பிசகாமல் நகர்த்துவதற்காக ஆள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோவார். அங்கேதான் 1973-இல் வந்த ஓர் அமெரிக்கப் பேய்ப்படத்துச் சிறுமியின் முகம் அலறிக்கொண்டு பாயும். படித்தபோது என் நாத்தனார் அனுப்பியதன் சூத்திரம் புரிந்தது. மான் எண்ணச் சொன்னதே என் மூக்கைத் திரைக்கு அருகில் இழுக்கத்தான்.

இன்னொன்று, 2004-இல் ஜெர்மனியில் வந்த கே-ஃபீ என்ற காப்பி பானத்தின் விளம்பரம். பச்சைப் பசேல் என்ற மலை, வளைந்து வளைந்து போகும் சாலை, ஒரு கார் நிதானமாக மிதந்து போகிறது. மெல்லிய இசை. அச்சு அசல் குஞ்சப்பனைக்கு மேலே வரும் சாலைதான். நெஞ்சு குளிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பிணம் போன்ற ஓர் உருவம் கீழேயிருந்து கத்திக்கொண்டு எழும். பிறகு, இவ்வளவு விழிப்பாக நீ எப்போதும் இருந்ததில்லை என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் ஒரு வரி. ஒப்புக்கொள்கிறேன், கட்டுரையை முதலில் படித்துவிட்டுப் பார்த்ததால் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காப்பி விற்க நல்ல யோசனை. என் விஷயத்தில் காப்பி கொட்டத்தான் உதவியது.

பயப்படுகிறவர்கள் கோழைகள் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. சார்லஸ் டார்வின் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் நச்சுப் பாம்பு ஒன்றின் கண்ணாடிக் கூண்டருகே முகத்தை வைத்து, பாம்பு சீறினாலும் அசைவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு நின்றார். பாம்பு கொத்தியது, கண்ணாடி தடுத்தது. அவர் ஓரிரு கஜம் பின்னால் துள்ளி விழுந்தார். 1872-இல் வெளிவந்த நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். அறிவு சொல்வதற்குள் உடம்பு குதித்துவிடுகிறது. தமிழில் இதற்குத்தான் எத்தனை சரியான சொல் வைத்திருக்கிறோம்: தூக்கிவாரிப் போடுதல். யாரோ தூக்குகிறார்கள், வாருகிறார்கள், போடுகிறார்கள். நம் கையில் எதுவும் இல்லை. பேரனின் கட்டுரை வகைக்குத் தமிழில் ‘தூக்கிவாரி’ என்று பெயர் வைக்கலாம் என்றேன். ‘அது பொக்லைன் எந்திரத்தின் பெயர் போல இருக்கிறது’ என்று தள்ளிவிட்டான். திடுக்கி என்று வைப்பானோ என்னவோ, இன்னும் முடிவாகவில்லை.

தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கைப்பேசிக்குள் பேயாக அணங்கு, கரடியாக விலங்கு, இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே குளிர்காலத்தில் வந்துவிட்டன. கள்வருக்கு வீட்டில் எதுவும் இல்லை. தம் இறை என்பதற்கு மேலதிகாரி என்று பொருள் கொண்டால், 38 ஆண்டு பார்த்தாகிவிட்டது.

சுவையான ஒன்றை விட்டுவிட மனமில்லை. திடீரென்று ஆளைக் குதிக்கவைக்கும் இந்த உத்திக்குத் திரைப்படங்களில் ஆதி உதாரணமாகச் சொல்லப்படுவது 1942-இல் வந்த கேட் பீப்பிள் என்ற படம். தயாரித்தவர் வால் லூட்டன். இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், பின்னால் ஏதோ வருகிறது என்று நமக்கும் அவளுக்கும் கிலி. புஸ்ஸென்ற சீறலோடு திரைக்குள் பாய்வது என்ன தெரியுமா? ஒரு டவுன் பஸ். அதிலிருந்து இந்த உத்திக்கே ‘பஸ்’ என்று பெயர் வந்துவிட்டது. விக்கி என்ற பெயரும் ஒரு பஸ்ஸிலிருந்து வந்ததுதான். 1995-இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைச் செய்தபோது, ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடும் விக்கி விக்கி பஸ்ஸின் பெயரை அதற்கு வைத்தார். அந்த ஊர் மொழியில் விக்கி என்றால் விரைவு. மேகத்துக்குள்ளிருந்து விளக்கும் ஹாரனுமாக மேட்டுப்பாளையம் பஸ் திடீரென்று முளைக்கும் வளைவில் தினமும் நிற்கிற எனக்கு, இரண்டு பெயர்ப்பொருத்தமும் இயல்பாகவே படுகின்றன.

வாசகர் கடிதக்காரர் இதையெல்லாம் வெட்டிவேலை என்பார். அவருக்கு நான் தந்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்த மலைமேல் மனிதர்களைத் தூக்கிவாரிப் போட்டது கரடியுமில்லை, காட்டு மாடுமில்லை, தந்திச் சேவகர்தான். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வளைவில் அவர் தலை தெரிந்ததுமே பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். உறை பிரிக்கப்படுவது அதற்குப் பிறகுதான். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இங்கே நிறைய. ஒரு முறை, ஒரு வீட்டில் தந்தியைக் கையில் வாங்கியதுமே மூதாட்டி மயங்கி விழுந்துவிட்டார். உள்ளே இருந்தது ‘நலமாக வந்து சேர்ந்தோம்’ என்ற செய்தி. மகனின் குடும்பம் கப்பலிறங்கி மண்டபத்திலிருந்து அனுப்பியது. சேவகர் திரும்பிவந்து என்னிடம் கோபித்துக்கொண்டார். உறைமேல் நல்ல செய்தி என்று ஒரு குறி போட்டுத் தொலைத்தால் என்ன என்றார். விதியில் இடமில்லை. அன்றிலிருந்து நல்ல செய்தி என்றால் நான் உறையை அவர் கையில் கொடுக்கும்போது ஒருமுறை தலையாட்டுவேன். அவர் லைன் வீட்டு வளைவில் திரும்பும்போதே சிரித்துக்கொண்டு போவார். விதிக்குப் புறம்பானது. இப்போது சொன்னால் பென்ஷனைப் பிடிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

‘உடனே புறப்படு’ என்று மட்டும் தந்தி கொடுக்க வருகிறவர்களிடம் கெஞ்சுவேன். காரணம் ஒரு சொல் சேருங்கள் என்பேன். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு, முகவரிக்கும் சேர்த்து; யார் கேட்பார்கள்? அந்த இரண்டு சொல்லைப் படித்துவிட்டு எட்டு மணி நேரம் பஸ்ஸில் வருகிறவரின் நெஞ்சு என்ன பாடுபடும் என்று சாவியைத் தட்டிக்கொண்டே நினைப்பேன். எங்கே, யாருக்கு, எப்போது, என்ன என்று தெரிந்தால் துக்கம் வரும். தெரியாவிட்டால் வருவது வேறு.

அந்த விக்கியில் எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். பாதிக் கட்டுரைகள் அரைகுறை. சில பையன்கள் தாங்களே ஒரு காணொளியைச் செய்துவிட்டுத் தாங்களே கட்டுரையும் எழுதிப் பெருமையடித்துக்கொள்கிறார்கள். யார் யார் எப்படிக் கத்தினார்கள் என்று ஒரு பக்கம் நீட்டுகிறவர்களும் உண்டு. பேரனும் தேர்வு நேரத்தில் உட்கார்ந்து பகுப்புச் சேர்த்துக்கொண்டிருந்தான், போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் வைத்தேன். ஆனாலும் ஒரு பயன். பழைய விளையாட்டுகள் பலவும் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31-உடன் அதற்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள். இனி அவற்றைப் பழையபடி திறந்து ஆட முடியாது. எப்படி இருந்தது என்று இப்படி யாராவது நொடிக்கணக்கோடு எழுதிவைத்தால்தான் உண்டு. என் தந்திச் சாவிக்கு அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை.

இனி கரடிக்கு வருகிறேன், ஐயா. தங்கள் செய்தி 14 வரி. எண்ணிப் பார்த்தேன். சொல்லைக் காசாக எண்ணிய கை, பழக்கம் விடவில்லை. அதில் பீதி மூன்று முறை, பரபரப்பு இரண்டு முறை, மர்மம் இரண்டு முறை. நேரம் இல்லை. தெரு இல்லை. எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது என்பது இல்லை. பீதியை வைத்துக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு வரும் பால்காரர் என்ன செய்வார்? டியூஷன் முடிந்து இரவு எட்டரைக்கு வரும் பிள்ளைகள் எந்தத் தெருவைத் தவிர்ப்பார்கள்? போதாக்குறைக்கு, எப்போதோ எங்கேயோ எடுத்த, வாயைப் பிளந்து பல்லைக் காட்டும் விலங்கின் படம் ஒன்றை நாலு பத்தி அகலத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். பேரன் பார்த்துவிட்டு, ‘இதற்கு எச்சரிக்கைப் பலகை போட வேண்டும் அம்மிச்சி’ என்றான்.

அதே செய்தியை நாங்கள் இருவரும் விக்கி முறையில் எழுதிப் பார்த்தோம். ‘கோத்தகிரியில் ஞாயிறு இரவு 9.20-க்குத் தாய்க் கரடி ஒன்று இரண்டு குட்டிகளுடன் பேக்கரிக்குப் பின்னால் உள்ள கல்படிக்கட்டு வழியாகத் தெருவுக்கு ஏறி வந்தது. பிள்ளையார் கோயில் விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்தது. 11 நிமிடம் கழித்து ரேஷன் கடைக்கு இடப்புறம் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. படிக்கட்டின் தெருவிளக்கு எரியவில்லை.’

ஐந்தே வாக்கியம். இடம் மிச்சமானால் விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள்.

இது வெறும் நடை பற்றிய பேச்சு அல்ல என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். கரடி மனிதரைத் தேடிவந்து தாக்குகிற பிராணி அல்ல. அதற்குக் கரையானும் எறும்பும் பழமும் போதும். பேரிக்காய் பழுத்தால் வரும், பலா பழுத்தால் வரும், கோயில் எண்ணெய் வாசத்துக்கு வரும். கண் மங்கல். தலையைக் கவிழ்த்துக்கொண்டு தன் பாட்டுக்கு வருகிற அதன் எதிரே, மேகத்துக்குள்ளிருந்து ஒரு மனிதர் திடுமென்று முளைத்தால், கரடிக்கும் தூக்கிவாரிப் போடும். குட்டி வைத்திருக்கும் தாய் என்றால் கேட்கவே வேண்டாம். கை ஓங்குவது அந்த நொடியில்தான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தூக்கிவாரியாக ஆகிவிடுகிறார்கள். 9.20 என்றும் கல்படிக்கட்டு என்றும் முந்தைய நாள் அச்சில் வந்திருந்தால், அந்த நேரத்தில் அங்கே போகிறவர் ஒரு பாட்டாவது பாடிக்கொண்டு போவார். கரடி ஒதுங்கிக்கொள்ளும்.

தங்கள் நிருபர் மேல் எனக்கு வருத்தமில்லை. இளைஞர் போலிருக்கிறது, ஊட்டியிலிருந்து போனில் கேட்டு எழுதியிருப்பார். அடுத்த முறை கோத்தகிரி வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பேரன் பத்து நிமிடத்தில் முறையைக் கற்றுக்கொடுப்பான், நான் காப்பி கொடுப்பேன். வாசகர் கடிதக்காரரும் வரலாம். மான் காணொளியை அவருக்குக் காட்ட மாட்டோம் என்று உறுதியளிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி சிக்னலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பின்குறிப்பு: இதை உறையிலிட்ட பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்று இரவு 8.45. அதே கல்படிக்கட்டு. எண்ணெய் குடிக்கவில்லை, கோயில் முன் நிற்கவும் இல்லை. நான்கு நிமிடத்தில் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. தாயும் ஒரு குட்டியும்தான் வந்தன. மற்றொரு குட்டியை நானும் பேரனும் ஜன்னலில் பத்து மணிவரை பார்த்தோம். வரவில்லை.